முப்பத்தேழாவது துளை

மேலூர் தாண்டி, பாதியில் வெட்டி நிறுத்திய குன்றுக்கு எதிரே
முக்காலியை ஊன்றினோம்.
அதன் வயிற்றில் கல் நிரப்பிய மஞ்சப்பையைத்
தொங்கவிட்டோம்.
காற்று ஆட்டிவிட்டால்
எந்த லென்சும் ஒன்றுதான்.

லூர்துவுடையது பழசு. நான் பிறக்க முப்பது வருஷம் முந்தியது.
விளிம்பில் கீறல், உள்ளே ஊசிமுனைக் குமிழி ஒன்று.
என்னுடையது புதுசு.
சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ஊதா.
தவணை இன்னும் இரண்டு பாக்கி.
தோற்றவர் ஒத்தக்கடையில் பரோட்டா வாங்கித் தர வேண்டும்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.
குன்று தலைகீழாகத் தொங்கியது,
ஒரு கொக்கு வானத்தின் அடியில் போனது.
வெட்டுமுகத்தின் குறுக்கே
துரப்பணம் போட்ட துளைகள், வரிசையாக;
வெடி வைக்கும் முன்னமே வேலை நின்றுபோனவை.
தைத்த நூலை உருவியபின்
துணியில் மிஞ்சுமே, அப்படி.

காவல்காரர் துரத்தத்தான் வந்தார்.
"சர்வே ஆபீசா?"
"இல்லண்ணே, ரெண்டு கண்ணாடில எது கூர்மைன்னு பாக்குறோம்."
"மலைய வச்சா?"
"மலை ஆடாதுல்ல."
அவர் திரும்பி அந்த வெட்டுமுகத்தைப் பார்த்தார்.
பதில் இல்லை.
வரிசை முடிகிற ஓரத்தில் மட்டும் நிழல் இருந்தது;
அங்கே போய்க் குத்தவைத்துக்கொண்டு கத்தினார்:
"நான் விழுவேனா?"
"மூலைல, சின்னதா."
"ஊருக்குக் காட்டுறதுல மூஞ்சி தெரியக் கூடாது தாயி.
எனக்குத் தாரதுல தெரியணும்."

ஒவ்வொரு லென்சிலும் இரண்டு படம்.
முழுக்கத் திறந்து ஒன்று, இருபத்திரண்டுக்கு மூடி ஒன்று.
ஹோல்டர் எண்ணை உள்ளங்கையில் எழுதினேன்,
வியர்வையில் மூன்று எட்டானது.

சித்திரை வெயிலில் குழாய்த்தண்ணி முப்பத்தஞ்சு டிகிரி.
கரிமேடு மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி
டெவலப்பரைச் சுற்றி அடுக்கினோம்.
குளியலறை முழுக்க வஞ்சிர வாடை.
நாலு நெகடிவ் கொடியில் சொட்டின.

வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகும் லென்சோடு
குனிந்து எண்ணினோம்.
இருபத்திரண்டில்
அவனுக்கு நாற்பத்தொன்று, எனக்கும் நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினோம், மாற்றி எண்ணினோம்.
நடுவில் அவனுடையது முடியளவு முன்னால் என்றுகூடத் தோன்றியது.
சொல்லவில்லை.

முழுத் திறப்பில்தான் பிரிந்தன.
புதுசில் கடைசித் துளைவரை விளிம்பு வெட்டுகிறது;
காவல்காரரின் சுருக்கிய கண்,
துண்டின் மடிப்பு,
காதோரம் செருகிய பாதி பீடி.
பழசில் முப்பத்தாறு வரை துளை.
அதற்கப்புறம் கல் கரைகிறது,
பாலில் போட்ட வெல்லம் மாதிரி.
முப்பத்தேழாவது
துளையா, அவர் தலையா,
கடைசிவரை முடிவாகவில்லை.

"மூலைய வச்சுத் தீர்ப்பா?" என்றான் லூர்து.
"மூலைல ஆள் இருந்தா?" என்றேன்.

ஊருக்குக் காட்ட அவனுடையதைப் பெரிதாக்கினோம்.
என்னுடையதை உறையில் போட்டு
அடுத்த ஞாயிறு எடுத்துப் போனேன்.

சேவுகன் என்று அன்றுதான் பெயர் சொன்னார்.
தன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.
என் கையிலிருந்த வாட்ச் லென்சைக் கேட்டு வாங்கி
வரிசையில் நகம் வைத்து நகர்ந்து போய்
நின்றார்.

"இது நான் போட்டது. இதுவும்.
இதுல கம்பி ஒடிஞ்சு உள்ளயே நின்னுபோச்சு.
தெரியுது பாரு, துருப் பிடிச்சு."

குனிந்து பார்த்தேன்.
ஒரு புள்ளி, மற்றதைவிடக் கொஞ்சம் கறுப்பாக.
நான் அதைத் தூசி என்று நினைத்து
பிரஷ்ஷால் இரண்டு முறை தட்டியிருந்தேன்.

பரோட்டாவுக்கு யார் பணம் கொடுத்தது என்று
இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.